மொறிஸ் மைனருக்கு மீற்றர் தேடுறவைக்கு: முள்ளு என்ன செய்யுது எண்டு முதல் பாருங்கோ

மொறிஸ் மைனர் எண்ட பழைய கார் வச்சிருக்கிற பெடியள் ஆராவது என்னட்ட வந்தா முதல் கேக்கிறது "அண்ணை, ஸ்பீடோமீற்றர் ஒண்டு எங்க எடுக்கலாம்?" எண்டுதான். நான் திருப்பிக் கேப்பன், "இருக்கிற மீற்றருக்கு என்ன வருத்தம்?" அதுக்கு எல்லாரும் சொல்லுறது ஒரே பதில், "வேலை செய்யேல்ல". உந்த வேலை செய்யேல்லைக்குள்ள ஆறேழு வருத்தம் கிடக்கு, ஒவ்வொண்டுக்கும் வேற வேற மருந்து, அநேகமானது கேபிளோட முடியிற விசயம், மீற்றரை மாத்தவே தேவையில்லை.

எங்கட பக்கத்துல உந்தக் கார் இவ்வளவு காலம் தப்பினதே ஒரு கதை. தொண்ணூறுகள்ல பெற்றோல் வராத காலம், யாழ்ப்பாணத்துல மொறிஸ் மைனர், ஒஸ்ரின் எல்லாம் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ரார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில ஓடினது. அந்த நேரம் மீற்றர் முள்ளு செத்ததைப் பற்றி ஆர் கவலைப்பட்டது, எஞ்சின் இழுத்தாக் காணும். அதால இண்டைக்குக் கைக்கு வாற கன காரில மீற்றர் வருசக்கணக்கா அசையாமல் நிண்டது, கேபிள் கழண்டு தொங்கும், கியர்பொக்ஸ் ஒரு காரின்ர, டிபரன்சல் (பின் சில்லுகளைச் சுத்துற பல்லுப் பெட்டி) இன்னொரு காரின்ர, எது எங்கயிருந்து வந்தது எண்டு வித்தவருக்கும் தெரியாது. இதுதான் பேந்து மீற்றர் வேண்டேக்க காலை வாருறது.

முதல் ஒண்டு விளங்கினாக் காணும், மிச்சம் எல்லாம் நீங்களே கண்டுபிடிப்பியள். கியர்பொக்ஸின்ர பின்பக்கத்துல இருந்து ஒரு கேபிள் சுத்திக்கொண்டு மீற்றருக்குள்ள வருது. உள்ளுக்க அந்தச் சுத்து ரெண்டு வேலையாப் பிரியுது. ஒண்டு, ஒரு காந்தம் சுத்தும், அதுக்கு மேல முட்டாமல் ஒரு அலுமினியக் கிண்ணம், காந்தம் சுத்தச் சுத்தக் கிண்ணமும் சேந்து இழுபடப் பாக்கும், ஒரு மயிர்ச் சுருள் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், கிண்ணத்தில பூட்டினதுதான் முள்ளு. மற்றது, அதே தண்டில இருந்து சின்னப் பல்லுச் சில்லுகள் போய் மைல் இலக்கத்தை உருட்டுறது. ஒரு காஸ் சிலிண்டர்ல ரெண்டு அடுப்பு மாதிரி எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு அடுப்பும் எரியேல்ல எண்டா சிலிண்டரைப் பாக்கோணும், ஒண்டு மட்டும் எரியேல்ல எண்டா அந்த அடுப்பைப் பாக்கோணும். அவ்வளவுதான் சூத்திரம்.

முள்ளும் அசையேல்ல, மைல் இலக்கமும் ஓடேல்ல

இது சிலிண்டர் பக்கம். மீற்றரைத் தொடாதையுங்கோ. டாஷுக்குப் பின்னால கையை விட்டு மீற்றரோட கேபிளைப் பிடிச்சிருக்கிற நட்டைக் கழட்டி, கேபிள் நுனியை வெளிய எடுத்துக்கொண்டு (அதுக்கு முதல் பற்றறி வயரைக் கழட்டுங்கோ, உந்த இடத்தில வெறும் வயர் கனக்கக் கிடக்கும்) காரை நியூற்றல்ல விட்டு ரெண்டு பேரைக் கொண்டு தள்ளுங்கோ. உள் கேபிள் சுத்துதே? சுத்தினா மீற்றர்தான் இறுகிப் போச்சு, இல்லாட்டி கேபிளின்ர சதுர நுனி தேஞ்சு மீற்றருக்குள்ள பிடிக்காமல் வழுக்குது. சுத்தேல்ல எண்டா உள் கேபிளை வெளிய இழுங்கோ, அரைவாசியில அறுந்து வந்தா விசயம் முடிஞ்சுது, புதுக் கேபிள் ஒண்டு போதும். முழுசா வந்தா கியர்பொக்ஸ் பக்கம் நட் கழண்டிருக்கும், அல்லது உள்ளுக்க இருக்கிற பல்லுச் சில்லு தேஞ்சிருக்கும்.

கேபிள் ஏன் அறுந்தது எண்டும் பாருங்கோ. சும்மா அறாது. மீற்றர் இறுகினதால முறுக்குப்பட்டு அறுந்திருந்தா புதுக் கேபிளும் அதே இடத்தில அறும். பழைய கேபிள்ல ஒரு துண்டை மீற்றருக்குள்ள விட்டு விரலால சுத்திப் பாத்தா தெரியும், லேசாச் சுத்தோணும், அரைக்கிற மாதிரி இருக்கக் கூடாது.

முள்ளு ஆடுது, துள்ளுது, கிறீச் எண்டு சத்தம்

மெல்லமாப் போகேக்க முள்ளு 15க்கும் 30க்கும் நடுவில காவடி ஆடுதெண்டா பத்தில ஒன்பது கேபிள். உள் கேபிள் காஞ்சு போனாலும் இப்பிடித்தான், நெளிஞ்சிருந்தாலும் இப்பிடித்தான். உள் கேபிளை வெளிய எடுத்து ஒரு மேசையில நீட்டி வச்சு ரெண்டு நுனியையும் பிடிச்சு விரலால உருட்டுங்கோ. நல்ல கேபிள் ஒரே சீரா உருளும், நெளிவு இருக்கிறது ஒரு இடத்தில துள்ளி விழும். துள்ளினா நிமித்த வெளிக்கிட வேண்டாம், நிமிராது.

அடுத்தது கேபிள் போற பாதை. 6 அங்குல ஆரத்தை விட இறுக்கமா மடங்கக் கூடாது, முக்கியமா மீற்றருக்குக் கிட்ட. ஹீற்றர் குழாய் போட்டவை, றேடியோ போட்டவை எல்லாரும் கேபிளை ஒரு பக்கத்தால நெரிச்சு விட்டிருப்பினம்.

கிறீஸ் போடேக்க எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு, நானும் விட்டனான். நிறையப் போட்டா நல்லம் எண்டு நினைச்சு மேல நுனி வரைக்கும் அப்பினனான், அந்தக் கிறீஸ் சுத்துற கேபிளோட மேல ஏறி மீற்றருக்குள்ள போட்டுது. சரியான முறை, மெல்லிசாப் பூசி உள்ளுக்க விட்டிட்டு, பிறகு மேல் பக்கத்தால 8 அங்குலம் வெளிய இழுத்து, அந்த 8 அங்குலத்தையும் துணியால வடிவாத் துடைச்சுப்போட்டுத் திருப்பி விடுறது. விட்டு முடிய உள் கேபிளின்ர நுனி வெளி உறையை விட்டு முக்கால் அங்குலத்தின்ர பாதியளவு, அதாவது ஒரு 9, 10 மிமீ, நீட்டிக்கொண்டு நிக்கோணும். குறைஞ்சா மீற்றருக்குள்ள சரியாப் பிடிக்காது, கூடினா மீற்றரின்ர அடிப் புஷ்ஷை இடிச்சுத் தின்னும்.

முள்ளு ஒரேயடியா மேல போய் நிக்குது

20ல போறியள், முள்ளு 70 காட்டுது. பகிடி இல்லை, பாத்திருக்கிறன். கேபிளைக் கழட்டி நுனியைப் பாருங்கோ. கறுப்பா ஒயில் பளபளத்தா கியர்பொக்ஸ் ஒயில் கேபிள் வழியா மேல ஏறியிருக்கு. காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில காத்து மட்டும் இருக்க வேண்டிய இடத்தில ஒயிலோ கிறீஸோ நிண்டா ரெண்டும் ஒட்டிக்கொண்டு சுத்தப் பாக்கும், முள்ளு பறக்கும். இதுக்கு வேற மீற்றர் பூட்டினா அதுக்கும் அதே கதிதான் வரும், முதல்ல கியர்பொக்ஸ்ல கேபிள் பூட்டுற இடத்தில ஒயில் கசியாமல் தடுக்கிற சீல் வளையத்தை மாத்துங்கோ, பேந்து கேபிளைக் கழுவுங்கோ, கடைசியா மீற்றரைத் திறந்து துப்புரவாக்கக் குடுங்கோ.

ஒயில் இல்லாமல் முள்ளு மேல போய், கார் நிண்ட பிறகும் கீழ வரேல்ல எண்டா மயிர்ச் சுருள் அறுந்திருக்கும் அல்லது சிக்கியிருக்கும். மணிக்கூடு திருத்துற ஆள் ஒருத்தர், கண்ணில பூதக்கண்ணாடி மாட்டி வேலை செய்யிற பழைய ஆள், கிடைச்சா அவரிட்டக் குடுங்கோ. கார் மெக்கானிக்கிட்ட வேண்டாம். துரு எடுக்கிற ஸ்பிறேயை மீற்றருக்குள்ள அடிக்கச் சொல்லி ஆரும் சொன்னா கேக்காதையுங்கோ, அந்தச் சுருள் சுத்துக்குச் சுத்து ஒட்டிப் பிடிச்சிடும்.

ஒண்டு மட்டும் செத்துப் போச்சு

முள்ளு நல்லா வேலை செய்யுது, மைல் உருளேல்ல: உள்ளுக்க பல்லுச் சில்லு தேஞ்சிட்டுது. முள்ளு செத்து மைல் மட்டும் ஓடுது: கிண்ணம் முட்டுது, இல்லாட்டி முள்ளு அச்சில கழண்டு நிக்குது. ரெண்டுக்கும் கேபிளைக் குறை சொல்லேலாது. இந்த இடத்திலதான் வேற மீற்றர் தேடுறதில ஒரு நியாயம் இருக்கு, அதுவும் முழு மீற்றராப் பூட்டத்தான் வேணும் எண்டில்லை, அதே நம்பர்ல (டயலின்ர அடியில கிடக்கிற நம்பர், கீழ சொல்லுறன்) உடைஞ்ச மீற்றர் ஒண்டு கிடைச்சா அதுக்குள்ள இருந்து சாமான் எடுக்கலாம்.

எல்லாம் ஓடுது, ஆனா பிழையாக் காட்டுது

இதுதான் பெரிய தலையிடி.

முதல்ல எது பிழை எண்டு பிரியுங்கோ. ஏ9 வீதியில கிலோமீற்றர் கல்லு பாத்து 10 கிலோமீற்றர் ஓடுங்கோ, மைல் இலக்கம் 6.2 கூடோணும். மைல் சரியா ஏறி, முள்ளு மட்டும் கைபோனில இருக்கிற ஜிபிஎஸ் சொல்லுற வேகத்துக்கு ஒத்து வரேல்ல எண்டா மீற்றருக்குள்ள பிழை, காந்தம் காலப்போக்கில வலு குறைஞ்சிருக்கும் (குறைச்சுக் காட்டும்), இல்லாட்டி முள்ளைக் கழட்டிப் பூட்டின ஆரோ இடம் மாறிப் பூட்டியிருப்பினம். முள்ளும் மைலும் ரெண்டும் ஒரே விகிதத்தில பிழைச்சா மீற்றரில பிழை இல்லை, அந்த மீற்றர் உங்கட காருக்கு உரிய மீற்றர் இல்லை, அல்லது கார் அந்த மீற்றருக்கு உரிய காரா இப்ப இல்லை.

ரெண்டாவது எப்பிடி நடக்கும்? டிபரன்சல். 1956ல இருந்து 1962 வரைக்கும் வந்த 948 சிசி மைனருக்கு 4.55 (சில்லு ஒரு சுத்துச் சுத்த, கியர்பொக்ஸில இருந்து பின்னால போற புறொப்பெலர் தண்டு 4.55 சுத்துச் சுத்தும்), அதுக்குப் பிறகு 1971 வரைக்கும் வந்த 1098 சிசி காருக்கு 4.22. கேபிள் சுத்துறது கியர்பொக்ஸில இருந்து, டிபரன்சலுக்கு முன்னால. அப்ப 948 காரில ஆரோ 4.22 டிபரன்சல் பூட்டியிருந்தா (கன பேர் பூட்டுவினம், எஞ்சின் அலறாமல் போகும் எண்டு) சில்லு கூட ஓடும், மீற்றருக்கு அது தெரியாது, உண்மையில 40 மைல் வேகத்தில போகேக்க 37தான் காட்டும். எந்த டிபரன்சல் எண்டு பாக்கிறது சுகம். பின் சில்லு ரெண்டையும் ஜக் அடிச்சுத் தூக்கி, ஸ்ராண்ட் வச்சு, ரெண்டு சில்லையும் சேத்து 10 சுத்து சுத்துங்கோ, புறொப்பெலர் தண்டில சோக்கால ஒரு கோடு போட்டு எண்ணுங்கோ, நாப்பத்தஞ்சரை வந்தா 4.55, நாப்பத்திரண்டும் கொஞ்சமும் வந்தா 4.22. ஒரு சில்லை மட்டும் தூக்கினா அந்தச் சில்லை 20 சுத்தோணும், இல்லாட்டிப் பாதிக் கணக்குத்தான் வரும், இந்த இடத்தில ஏமாந்தவையை எண்ணி முடியாது.

ரயரும் ஒரு காரணம். 155/80 14 ரயர் 604 மிமீ உயரம், பழைய ரயருக்குக் கிட்டத்தட்டச் சரி. பாக்க வடிவா இருக்குதெண்டு 165/65 14 போட்டா 570 மிமீக்கு இறங்கும், மீற்றர் 6 வீதம் கூடக் காட்டும். மீற்றர் தேட முதல் ரயரை என்ன செய்யிறது எண்டு முடிவெடுங்கோ.

டயலில கிடக்கிற சின்ன நம்பர்

மைனருக்கு வந்த மீற்றர் ஸ்மித்ஸ். லண்டன் கிறிக்கிள்வூட்ல இருந்த அந்தக் கொம்பனி பிரிட்டிஷ் கார் பாதிக்கு மேல மீற்றர் குடுத்தது, அதால வெளித் தோற்றம் ஒண்டைப் போல ஒண்டு இருக்கும், உள்ளுக்க கணக்கு வேற. டயலின்ர அடியில, கண்ணாடிக்குக் கிட்ட மூக்கை வச்சுப் பாத்தாத்தான் தெரியிற அளவுக்கு, எஸ்என் எண்டு தொடங்கி ஒரு நம்பர் இருக்கும், அதோட 1184, 1280, 1376, 1504 மாதிரி இன்னொரு நாலு இலக்கம் இருக்கும். இந்த நாலு இலக்கம்தான் சாதகம். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தினை சுத்துச் சுத்தினா இந்த மீற்றர் சரியாக் காட்டும் எண்டது. நிறம், எழுத்து, குறோம் வளையம் எல்லாம் பொருந்தி இந்த நம்பர் பொருந்தேல்ல எண்டா அந்த மீற்றர் சுவரில மாட்டி வைக்கத்தான் சரி.

உங்கட காருக்கு என்ன நம்பர் வேணும் எண்டு காரைத்தான் கேக்கோணும், பழைய மீற்றரை இல்லை, பழைய மீற்றரே ஆரோ மாத்திப் பூட்டினதா இருக்கலாம். இப்பிடிச் செய்யுங்கோ. கேபிளை மீற்றர் பக்கம் கழட்டி, உள் கேபிள் நுனியில மாஸ்கிங் ரேப்பால சின்னக் கொடி மாதிரி ஒண்டு ஒட்டுங்கோ. ரயர் காத்து சரியா அடிச்சு, மட்டமான நிலத்தில 20 மீற்றர் அளந்து ரெண்டு கோடு. காரை நியூற்றல்ல விட்டுத் தள்ளச் சொல்லிப்போட்டு நீங்கள் உள்ளுக்க இருந்து கொடி எத்தினை தரம் சுத்துது எண்டு எண்ணுங்கோ, கால் சுத்தைக் கூட விடாமல். மூண்டு தரம் செய்து சராசரி எடுங்கோ. வாற எண்ணை 50ஆல பெருக்கினா ஒரு கிலோமீற்றருக்கு, அதை 1.609ஆல பெருக்கினா ஒரு மைலுக்கு.

என்ர காரில பதினெட்டும் அரைக்குக் கொஞ்சம் குறைவா, 18.4 வந்தது. 18.4 பெருக்கல் 50, 920. 920 பெருக்கல் 1.609, 1480. அப்ப எனக்கு வேண்டியது 1480க்குக் கிட்டின மீற்றர். 1504 கிடைச்சா ஒன்றரை வீதம் குறைச்சுக் காட்டும், பொறுத்துக்கொள்ளலாம்.

ஆனா நான் இந்தக் கணக்குப் பாத்தது மீற்றர் வேண்டின பிறகு. கொழும்புக்கு வேற அலுவலாப் போன இடத்தில பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கடையில மீற்றர் ஒண்டு கிடந்தது, கண்ணாடி பளிச், குறோம் பளிச், முள்ளுக்குப் புதுப் பெயின்ற். மைனர்தான் எண்டு கடைக்காரர் அடிச்சுச் சொன்னார். காசைக் குடுத்து, மடியில வச்சுக்கொண்டு ஒரு குழந்தைப்பிள்ளை மாதிரி யாழ்ப்பாணம் கொண்டந்து பூட்டினா, மனுசி கேக்கிறா, "என்னப்பா, இண்டைக்கு ஏன் உப்பிடிப் பறக்கிறியள்?" மைனரில மீற்றர் டாஷின்ர நடுவில இருக்கும், பக்கத்தில இருக்கிற ஆளுக்கும் வடிவாத் தெரியும், ஒளிக்கேலாது. 46 காட்டுது, பின்னால வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஹோர்ன் அடிக்கிறான். வீட்ட வந்து டயலைக் கழட்டினாத்தான் தெரியும், டயல் முழுக்கப் புதுசா அச்சடிச்சது, அடி நம்பரை விட்டுப்போட்டினம், பின்பக்கம் கூட்டில பென்சிலால ஆரோ 1280 எண்டு எழுதிக் கிடந்தது. 1480ஐ 1280ஆல பிரிச்சுப் பாருங்கோ, 1.156. உண்மையில 40, காட்டினது 46. கடைக்காரரில கோவிக்கிறதோ என்னில கோவிக்கிறதோ தெரியேல்ல, நம்பர் இல்லாத டயலைப் பாத்து நான் கேள்வி கேக்கேல்ல.

அண்டையில இருந்து சாமான் தேடப் போகேக்க சட்டைப்பையில ஒரு துண்டு பழைய உள் கேபிள் வச்சிருப்பன், ஒரு சாண் நீளம், சதுர நுனியோட. மீற்றருக்குப் பின்னால விட்டு விரலுக்கு நடுவில வச்சு உருட்டினா கன விசயம் கடையிலயே தெரியும். முள்ளு லேசா எழும்பி, விட்ட உடன பூச்சியத்துக்குத் திரும்பி வரோணும், நடுவில தங்கக் கூடாது. மற்றப் பக்கம் உருட்டினா முள்ளு பூச்சியத்தில இருக்கிற தடை ஊசியோட முட்டி நிக்கும், அது பிழை இல்லை, சுத்து மாறிச் சுத்துறியள். கடைசி இலக்கம் பத்தில ஒரு மைல் காட்டுற மீற்றர் எண்டா எண்ணுங்கோ, 1480 மீற்றருக்கு 148 சுத்தில ஒரு இலக்கம் மாறோணும், 1280க்கு 128. கடைக்காரர் ஒரு மாதிரிப் பாப்பார், பாக்கட்டும்.

வீட்டில எண்டா டிறில் இருக்கு. அந்தக் கேபிள் துண்டை பற்றறி டிறில்ல பூட்டி மெல்லமாச் சுத்துங்கோ. கணக்கு இதுதான்: மீற்றரின்ர நம்பர் எவ்வளவோ, நிமிசத்துக்கு அவ்வளவு சுத்துச் சுத்தினா முள்ளு 60 மைல் காட்டோணும். 1480 மீற்றருக்கு 500 சுத்து எண்டா 20 மைல். டிறிலின்ர சுத்தை அந்தப் பெட்டியில போட்டிருக்கிற எண்ணை நம்பி எடுக்காதையுங்கோ, அது உச்சக் கணக்கு, பற்றறி இறங்க அதுவும் இறங்கும்.

நம்பர் சரி, இனி வேற என்ன பாக்கிறது

பெற்றோல் காட்டுறது. மைனர் மீற்றருக்குள்ளயே பெற்றோல் முள்ளும் இருக்கு, அதால மீற்றர் மாத்தினா அதுவும் சேந்து மாறும், இதை நினைக்காமல் வேண்டினவை கன பேர். ஸ்மித்ஸ் ரெண்டு விதம் செய்தவை. பழசு, திறப்பைத் திருப்பின உடன முள்ளு துள்ளி எழும்பும், வளைவில திரும்பினா ரேங்கில பெற்றோல் ஆட முள்ளும் ஆடும். பிந்தினது, முள்ளு மெல்ல மெல்ல ஊர்ந்து ஏறும், அதுக்கு 10 வோல்ட்டுக்கு இறக்கிக் குடுக்கிற ஒரு சின்ன ஸ்ரபிலைசர் பெட்டி வேணும். ரேங்குக்குள்ள இருந்து பெற்றோல் மட்டத்தை மீற்றருக்குச் சொல்லுற சென்டரும் அந்தந்த விதத்துக்கு வேற. ஊர்ந்து ஏறுற விதத்தை நேர 12 வோல்ட்டில குடுத்தா எப்பவும் கூடக் காட்டும், ஃபுல் எண்டு நினைச்சுக்கொண்டு போய் ஆனையிறவு வெளியில நிப்பியள்.

கேபிள் நட். பழைய கேபிளைக் கையில கொண்டு போங்கோ, மீற்றரின்ர கழுத்தில நட் கையால சுத்தி ஏறோணும், குறடு தேவைப்பட்டா அது வேற திரெட். உள்ளுக்க சதுர ஓட்டையும் பாருங்கோ, வட்டமாத் தேஞ்சிருந்தா வேண்டாம்.

டயலின்ர நிறமும் எழுத்தும் காலத்துக்குக் காலம் மாறினது. உங்களுக்குக் கார் வந்த மாதிரியே முகம் வேணும் எண்டா உங்கட பழைய டயலை வச்சுக்கொண்டு உள் இயந்திரத்தை மட்டும் மாத்தலாம், நம்பர் பொருந்தினாக் காணும். அநேகமான ஸ்மித்ஸ் மீற்றரின்ர வளையத்தை, அதின்ர நாக்குகள் கூட்டில இருக்கிற வெட்டுகளோட நேர வரும் வரை திருப்பினாக் கழண்டு வரும், வராட்டி துருப் பிடிச்சிருக்கு, மெல்லமா, சுத்தி சுத்தி, ஒரு இடத்தில நெம்பாதையுங்கோ. முள்ளைக் கழட்ட முதல் அது நிக்கிற இடத்தைப் படம் எடுத்து வையுங்கோ, ஊசியில முட்டி நிக்கிறதை இல்லை, ஊசிக்கு மேலால தூக்கி விட்டா சும்மா எங்க வந்து நிக்குமோ அந்த இடத்தை. திருப்பிப் பூட்டேக்க அதே இடத்தில வச்சாத்தான் வேகம் சரியா வரும். முள்ளை நேர மேல இழுக்கோணும், முறுக்கினா அந்த அச்சு தலைமயிர் மாதிரி, போயிடும்.

லண்டனில இருக்கிற மச்சான் வரேக்க கொண்டு வரச் சொல்லுறவைக்கு: "மைனர் மீற்றர் ஒண்டு" எண்டு சொல்லி விட்டா அவர் பாவம் வடிவானதா ஒண்டைப் பாத்து வேண்டிக்கொண்டு வருவார். டயலின்ர அடி நம்பர் தெரியிற படம் கேளுங்கோ, பின்பக்கப் படம் கேளுங்கோ. அங்க மீற்றரைத் திருத்தி உங்கட நம்பருக்கு மாத்திக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம், ஆனா கேட்டுக்கொள்ளுங்கோ, முள்ளை மட்டும் சரிப்படுத்துறதா மைல் சில்லையும் மாத்துறதா எண்டு. காந்தத்தையும் சுருளையும் தொட்டா முள்ளு சரி வரும், மைல் பழைய கணக்கிலதான் ஓடும், அதுக்குப் பல்லுச் சில்லு மாத்தோணும்.

கிலோமீற்றர் டயலைத் தேடி அலையிறவையும் இருக்கினம். எனக்கெண்டா மைல் டயலே காணும். ஊருக்குள்ள 50 கிலோமீற்றர் எண்டா 31 மைல், வெளியில 70 எண்டா நாப்பத்திமூண்டரை, அந்த ரெண்டு இடத்திலயும் கண்ணாடியில சின்னச் சிவப்புப் புள்ளி ஒண்டு ஒட்டிவிட்டிருக்கிறன்.

ஜிபிஎஸ் மீற்றர் பூட்டுற ஐடியா இருந்தா ஒண்டு மட்டும், பழைய மைனர் பொசிற்றிவ் ஏர்த், பற்றறியின்ர கூட்டல் பக்கம்தான் பொடியில கிடக்கும். இப்பத்தைய சாமான் எல்லாம் மற்ற மாதிரி. யோசிக்காமல் வயரைக் குடுத்தா முதல் நாளே புகை.

பூட்டின பிறகு

பழைய மீற்றரில மைல் எவ்வளவு நிண்டது, புதுசில எவ்வளவில தொடங்குது, என்ன திகதி, மூண்டையும் காரின்ர புத்தகத்தில எழுதுங்கோ, நாளைக்கு விக்கேக்க வேண்டுறவர் கேப்பார். பேந்து பக்கத்தில ஒராளை இருத்திக்கொண்டு ஏ9க்குப் போங்கோ, முள்ளை 37ல அசையாமல் பிடிச்சுக்கொண்டு ஒரு கிலோமீற்றர் கல்லில இருந்து அடுத்த கல்லு வரைக்கும் அவரை நேரம் எடுக்கச் சொல்லுங்கோ. 2237ஐ அந்தச் செக்கனால பிரிச்சா வாறது உங்கட உண்மை மைல் வேகம். 60 செக்கன் எடுத்தா 37, மீற்றர் சரி. 70 செக்கன் எண்டா நீங்கள் போனது 32தான், கழட்டி டயலின்ர அடி நம்பரைத் திருப்பிப் பாருங்கோ.